இன்று நீ வீச வேண்டாம்

2019 ஜூலை 25. ஜப்பானின் வடகிழக்கில் இவாத்தே மாகாணத்தின் தலைநகரான மொரியோக்கா. பள்ளி பேஸ்பாலின் மாகாண இறுதி ஆட்டம். ஜெயித்தால் கோஷியென். தேசியப் பள்ளிப் போட்டி நடக்கும், ஜப்பானில் பேட் பிடித்த ஒவ்வொரு பையனும் கனவில் காணும் மைதானம் அது. ஒஃபுனாத்தோ என்ற கடலோர ஊரின் அரசுப் பள்ளி கடைசியாக அங்கே போனது 1984-ல். 35 வருடம் கழித்து இப்போது ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. அந்த அணியின் 17 வயது பிட்சர் ரோக்கி சசாக்கி, மூன்று மாதத்துக்கு முன்புதான் மணிக்கு 163 கிலோமீட்டர் வேகத்தில் பந்தை எறிந்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்திருந்தார். அதுவரை ஜப்பானில் எந்தப் பள்ளி மாணவரும் தொடாத வேகம். அவரைப் பார்க்கத்தான் அன்று ஜனம் திரண்டிருந்தது.

அவர் களத்தில் இறங்கவே இல்லை.

பந்து வீசவில்லை, பேட்டும் பிடிக்கவில்லை. கடைசிவரை பெஞ்சிலேயே இருந்தார். ஒஃபுனாத்தோ 12-2 என்று தோற்றது. ஜெயித்தது ஹனமாக்கி ஹிகாஷி, பேஸ்பால் நட்சத்திரம் ஷோஹெய் ஓத்தானி படித்த பள்ளி. ஆட்டம் முடிந்ததும் நிருபர்கள் பயிற்சியாளர் கொகுபோ யோஹெயைச் சூழ்ந்துகொண்டார்கள். அவருக்கு வயது 32. பையனுக்குக் காயம் வந்துவிடக் கூடாது, முடிவெடுத்தது நான்தான் என்றார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துத் தொலைபேசி ஓயவில்லை. அந்த ஊரை வரைபடத்தில்கூடப் பார்த்திராதவர்கள் கூப்பிட்டுத் திட்டினார்கள். 3,085 ஹிட் அடித்த பழைய ஜாம்பவான் ஹரிமோத்தோ இசாவோ, சசாக்கியை வீச வைத்திருக்க வேண்டும் என்று தொலைக்காட்சியில் சொன்னார். அமெரிக்காவில் ஆடிக்கொண்டிருந்த பிட்சர் யூ தர்விஷ் பயிற்சியாளர் பக்கம் நின்றார்.

யார் பக்கம் நியாயம் என்று பார்க்க, முந்தைய பத்து நாளின் கணக்கு போதும். ஜூலை 16-ல் 19 பந்து. 18-ல் 93. 21-ல் ஆட்டம் 12 இன்னிங்ஸ் வரை இழுத்ததால் 194. 24-ல், அதாவது இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள், 129. ஒன்பது நாளில் 435 பந்து. எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு பையனின் வலது கை அது. மறுநாளே அதே கையை மறுபடி கேட்பது எந்த ஊர் நியாயம்? கொகுபோ செய்தது சரி. 194 பந்து வீசவிட்ட அந்த நான்காம் சுற்று ஆட்டத்திலேயே அவர் கொஞ்சம் முன்னதாகக் கையைப் பிடித்திருக்கலாம் என்றுகூடச் சொல்லலாம்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் சில சங்கதிகள் புதிது. நமக்கு பிட்ச் என்றால் தரை. பேஸ்பாலில் பிட்ச் என்பது பிட்சர் வீசும் ஒவ்வொரு பந்தும்தான். கிரிக்கெட்டில் மடக்கிய முழங்கையை நிமிர்த்தி எறிந்தால் நோ-பால். முத்தையா முரளிதரனின் கையை உலகமே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது இதற்காகத்தான். பேஸ்பாலில் மடக்கி எறிவதுதான் ஆட்டமே. ஓடி வரவும் முடியாது. ஒரு மண்மேட்டின் மேல் நின்று, ஒரு காலைத் தூக்கி முன்னால் வைத்து, 18.44 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் கேட்சரின் கையுறைக்குள் சுமார் 145 கிராம் பந்தைச் செலுத்த வேண்டும். ஓட்டம் தரும் வேகம் இங்கே இல்லை. காலிலும் இடுப்பிலும் பிறக்கிற விசை முதுகு வழியாகத் தோளுக்கு ஏறி, சாட்டையின் நுனிபோல விரலில் வெடிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் மேல்கை தோளுக்குள் திரும்பும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7,000 டிகிரி. அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் ஒரு நொடியில் 19 முழுச் சுற்று வரும். மனித உடம்பு செய்யும் மிக வேகமான அசைவுகளில் இதுவும் ஒன்று.

அடி விழுவது முழங்கையின் உள்பக்கத்தில். மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் இழுத்துக் கட்டியிருக்கும் சிறிய தசைநார் ஒன்று அங்கே இருக்கிறது. அது தனியாகத் தாங்கக்கூடிய முறுக்கைவிட, வேகமான ஒரு பந்து உண்டாக்கும் முறுக்கு அதிகம். சுற்றியிருக்கும் தசைகள் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வதால்தான் பிழைப்பு ஓடுகிறது. தசை களைத்தால் பாரம் முழுவதும் தசைநார் மேல். சின்னப் பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு மாதிரி. அந்தத் தசைநார் ஒட்டியிருக்கும் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது, குருத்தெலும்பாகவே இருக்கும். அங்கேதான் முதலில் விரியும். அமெரிக்க மருத்துவர்கள் 1960-லேயே இதற்கு ‘லிட்டில் லீக் எல்போ’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வேகப்பந்து வீச்சாளருக்கு முதுகு போகும், பிட்சருக்கு முழங்கை போகும். முதுகெலும்பில் விரிசல் கண்டு, ஒன்றரை வருடம் ஆட்டத்தை இழந்து மீண்ட டென்னிஸ் லில்லியைத்தான் பிற்பாடு சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையத்துக்குக் கூட்டி வந்தார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஜப்பானியர்களுக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் கோஷியென் அவர்களுக்கு ஒரு திருவிழா. போட்டி தொடங்கியது 1915-ல், மைதானம் எழுந்தது 1924-ல். ஆகஸ்ட் வெயிலில் இரண்டு வாரம் நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும். தோற்ற அணிப் பையன்கள் மண்டியிட்டு அழுதபடி மைதானத்து மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு ஊருக்குப் போவார்கள். அந்த அழுகையில் ஜப்பானுக்கு ஒரு ருசி இருக்கிறது. ஒற்றை ஆளாக அணியைச் சுமக்கும் பிட்சர் அங்கே காவிய நாயகன்.

1998-ல் யோக்கோஹாமா பள்ளியின் டைசுகே மட்சுசாக்கா காலிறுதியில் 17 இன்னிங்ஸும் தானே வீசினார். 250 பந்து. மறுநாள் அரையிறுதியில் வெளிக்களத்தில் நின்றவர், கடைசி இன்னிங்ஸில் கையில் சுற்றியிருந்த டேப்பைக் கிழித்துவிட்டு வீச வந்தார். அதற்கு அடுத்த நாள் இறுதி ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. பார்த்தவர்கள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவரை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போகப் பேசும் உரிமைக்கு மட்டும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி 2006-ல் 5.11 கோடி டாலர் கொடுக்க முன்வந்தது. 2011-ல் அவர் முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சைக்குப் படுத்தார். இரண்டுக்கும் நடுவே நேர்க்கோடு போட முடியாது. இடையில் 13 வருடம் இருக்கிறது, ஆயிரக்கணக்கான பந்து இருக்கிறது. ஆனால் மட்சுசாக்காவைக் காட்டித்தான் அடுத்த தலைமுறைப் பையன்களிடம் கேட்டார்கள்: அவரால் முடிந்தது உன்னால் முடியாதா?

முடியும் என்று நிரூபிக்கப் போனவர்களில் ஒருவர் தொமோஹிரோ அன்ராக்கு. கோஷியெனின் 2013 வசந்தகாலப் போட்டியில், 16 வயதில், ஐந்து ஆட்டத்தில் 772 பந்து. அதில் ஒரே ஆட்டத்தில் மட்டும் 232. இறுதி ஆட்டத்தில் அவர் பள்ளி 17-1 என்று நொறுங்கியது. இதைப் பார்த்த அமெரிக்கப் பத்திரிகைகள் அதிர்ச்சி அடைந்தன. ஜப்பானில் பலருக்கு, வெளிநாட்டான் நம் வீட்டு விஷயத்தில் தலையிடுகிறானே என்ற எரிச்சல். ஐந்து வருடம் கழித்து, 2018 கோடையில், அக்கிதா மாகாணத்தின் ஒரு விவசாயப் பள்ளியை கோசெய் யோஷிதா தோளில் தூக்கிக்கொண்டு இறுதி ஆட்டம்வரை வந்தார். உள்ளூர்ப் பையன்கள் மட்டும் ஆடிய அணி. எதிரே நாடெங்கும் திறமைசாலிகளைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் ஒசாக்கா தோயின். நாடே உருகியது. யோஷிதா அந்தப் போட்டியில் வீசியது 881 பந்து.

அந்த 881 எங்கோ குத்தியிருக்க வேண்டும். அதே வருடம் டிசம்பரில் நீகாத்தா மாகாண பேஸ்பால் சங்கம், அடுத்த வசந்தத்திலிருந்து ஒரு ஆட்டத்தில் ஒரு பிட்சருக்கு 100 பந்துதான் என்று அறிவித்தது. தேசியச் சங்கம் மறுபரிசீலனை செய்யச் சொன்னது. சின்னப் பள்ளிகளுக்கு ஒரே ஒரு நல்ல பிட்சர்தான் கிடைப்பார், இந்த விதி பெரிய பள்ளிகளுக்கே சாதகம் என்பது எதிர்த்தவர்களின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நீகாத்தா பின்வாங்கியது. ஆனால் பேச்சு அடங்கவில்லை. நிபுணர் குழு கூடியது. 2020 முதல் ஒரு வாரத்தில் அதிகபட்சம் 500 பந்து என்று நாடு முழுவதற்கும் விதி வந்தது. 500 ஒரு பெரிய எண். 2019-ல் சசாக்கி ஒன்பது நாளில் வீசிய 435 இந்த விதிக்குள் நிம்மதியாக அடங்கிவிடும். அந்த விதி அன்றே இருந்திருந்தாலும் இறுதி ஆட்டத்தில் அவரைக் கொஞ்ச நேரம் இறக்கியிருக்கலாம். விதி தடுத்திருக்காது, ஓர் ஆள்தான் தடுத்தார்.

ஜப்பானைச் சொல்லிவிட்டு அமெரிக்காவை விட்டுவிட்டால் பாவம் சேரும். அங்கே விதிகளுக்குக் குறைவில்லை. 1939-ல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கிய சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக், 2007-லிருந்து பந்தை எண்ணுகிறது. 7, 8 வயதுக்கு ஒரு நாளில் 50 பந்து. 9, 10 வயதுக்கு 75. 11, 12 வயதுக்கு 85. 14 வயதுவரை இருப்பவர் 66 பந்தோ அதற்கு மேலோ வீசினால் நான்கு நாள் கட்டாய ஓய்வு. 12 வயதுப் பையனுக்குத் தூரமும் 46 அடிதான், பெரியவர்களுக்குப் போல 60 அடி 6 அங்குலம் கிடையாது. அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கும் யு.எஸ்.ஏ. பேஸ்பால் அமைப்பும் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டியோ, வருடத்தில் குறைந்தது நான்கு மாதம் பந்தே எறியாதீர்கள் என்கிறது. காகிதத்தில் எல்லாம் அழகு.

ஆனால் பையன் பள்ளி அணிக்கு ஆடுகிறான், பிறகு ஊர் ஊராகப் போகும் டிராவல் டீமுக்கு ஆடுகிறான், சனி ஞாயிறில் தனிப் பயிற்சியாளரிடம் எறிகிறான். ஒவ்வோர் இடத்திலும் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. கை ஒன்றுதான், நோட்டு மூன்று. எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டிய அப்பா, வலைக்குப் பின்னால் வேகமானியோடு நிற்கிறார்.

அந்த வேகமானிதான் இன்றைய வில்லன் என்று சொன்னால் மிகையில்லை. கல்லூரி உதவித்தொகை தருகிறவர்களும் தொழில்முறை அணிகளின் தேர்வாளர்களும் முதலில் பார்ப்பது அதன் எண்ணை. பந்தை மூலையில் வைக்கத் தெரிந்தவன், பேட்டரின் கண்ணைப் பார்த்து வேகத்தை மாற்றத் தெரிந்தவன் என்பதெல்லாம் எண்ணில் வராது. மேஜர் லீக்கில் ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம் 2008-ல் மணிக்கு 91.3 மைல், 2024-ல் 94.2 மைல். 2005-ல் பிட்சர்கள் காயப் பட்டியலில் சேர்க்கப்பட்டது 212 தடவை, 2024-ல் 485 தடவை. மேஜர் லீக் தானே ஆய்வு செய்து 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின் எண்கள் இவை. எப்போதும் உச்ச வேகத்தில், முழு பலத்தோடு எறிவதைத்தான் அந்த அறிக்கை முதல் சந்தேகமாக நிறுத்துகிறது. மேலே இருப்பவர்கள் எதைக் கொண்டாடுகிறார்களோ அதைத்தான் கீழே பிள்ளைகள் செய்வார்கள் என்றும் சொல்கிறது.

அலபாமாவின் பர்மிங்ஹாமில் கிளென் ஃப்ளைசிக், மருத்துவர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் குழுவினர் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 95 இளம் பிட்சர்களையும், காயமே இல்லாத 45 பேரையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் போட்டியில் வீசியவர்களுக்கு அறுவை சிகிச்சைக்கான வாய்ப்பு ஐந்து மடங்கு. ஓர் ஆட்டத்தில் சராசரி 80 பந்தைத் தாண்டியவர்களுக்கு நான்கு மடங்கு. கை சோர்ந்த பிறகும் வழக்கமாக வீசியவர்களுக்கு? 36 மடங்கு.

அந்த 36-ஐ மறுபடி பாருங்கள். இன்னொரு விசித்திரமும் இவர்கள் ஆய்வில் வந்தது. தலைமுறை தலைமுறையாக அமெரிக்க அப்பாக்கள் பிள்ளைகளிடம் ‘கர்வ் பால் (வளைந்து போகும் பந்து) போடாதே, முழங்கை போய்விடும்’ என்று அதட்டி வந்தார்கள். அளந்து பார்த்தால் கர்வ் பால் முழங்கைக்குத் தரும் பாரம் ஃபாஸ்ட்பாலைவிட அதிகமில்லை. ஒன்பதிலிருந்து 14 வயதுவரையான 481 பேரைப் பத்து வருடம் பின்தொடர்ந்த ஆய்விலும், சின்ன வயதில் கர்வ் பால் தொடங்கியதுதான் குற்றவாளி என்று நிரூபிக்க முடியவில்லை. ஒரு வருடத்தில் 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களுக்குத்தான் ஆபத்து மூன்றரை மடங்கு. அப்பாக்கள் தவறான பந்தை அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சைக்கு ஒரு மனிதரின் பெயர். 1974 செப்டம்பர் 25-ல் லாஸ் ஏஞ்சலிஸில் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், டாட்ஜர்ஸ் அணியின் இடக்கை பிட்சர் டாமி ஜானின் வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் கோத்துக் கட்டினார். தேறுவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்று சொல்லித்தான் கத்தியை எடுத்தார். டாமி ஜான் 1976-ல் திரும்பி வந்து, 1989 வரை ஆடி, அறுவை சிகிச்சைக்குப் பிறகு மட்டும் 164 ஆட்டங்களில் ஜெயித்தார். ஜப்பானிலிருந்து ஜோப்பைத் தேடி வந்த பிட்சர்களில் ஒருவர் லோட்டே ஓரியன்ஸ் அணியின் சோஜி முராத்தா. 1985-ல் முழுமையாகத் திரும்பியவர் வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீசினார். ‘ஞாயிறு சோஜி’ என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. அந்த வருடம் 17 வெற்றி. ஆறு நாள் ஓய்வு ஒரு கைக்கு என்ன செய்யும் என்பதற்கு அப்போதே அங்கே ஓர் உதாரணம் இருந்திருக்கிறது.

இந்த வெற்றிக் கதைகள் ஒரு விஷத்தையும் விதைத்தன. அறுவை சிகிச்சை செய்துகொண்டால் பந்து இன்னும் வேகமாகப் போகும் என்று நம்பும் பெற்றோரும் பயிற்சியாளர்களும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். காயம் இல்லாத பிள்ளையைக் கூட்டி வந்து செய்துவிடச் சொன்னவர்களைப் பற்றி மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், திரும்பாமலே போனவர்களுக்குப் பட்டப்பெயர் வைக்க யாரும் இல்லை.

பணத்துக்காகக் கையைப் பிழிந்த கதைகளில் டேவிட் கிளைடின் கதை மறக்கக் கூடாதது. 1973-ல் ஹூஸ்டனில் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, நாட்டின் முதல் தேர்வாக டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணிக்கு வந்த 18 வயதுப் பையன். கீழ்நிலை லீக்குகளில் சில வருடம் பழக்குவதுதான் வழக்கம். உரிமையாளர் பாப் ஷார்ட்டுக்குக் காலி நாற்காலிகள்தான் கவலை. ஜூன் 27-ல் பையனை நேராக மேஜர் லீக் மண்மேட்டில் ஏற்றினார். 35 ஆயிரத்துக்கு மேல் கூட்டம். அந்த மைதானம் முழுவதுமாக நிறைந்தது அதுவே முதல் தடவை. அன்று ஜெயித்தார் கிளைட். இரண்டு ஆட்டம் காட்டிவிட்டுப் பையனைக் கீழே அனுப்பிப் பக்குவப்படுத்தலாம் என்று இருந்த திட்டம், டிக்கெட் விற்றதைப் பார்த்ததும் காற்றில் போனது. 24 வயதில் மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது. 18 வெற்றி, 33 தோல்வி.

நன்றாக வளர்ந்தவர்கள் எப்படி வளர்ந்தார்கள்? ஒரே சூத்திரம் கிடையாது, ஆனால் அவர்களில் பலர் சின்ன வயதில் பிட்சராக மட்டும் இருக்கவில்லை. பனாமாவின் புவெர்த்தோ கைமித்தோ என்ற மீனவ ஊரில் மரியானோ ரிவேரா அட்டையில் கையுறை செய்து, பழைய வலையைச் சுருட்டி டேப் ஒட்டிப் பந்து செய்து ஆடினார். உள்ளூர் அணியில் அவர் ஷார்ட்ஸ்டாப், அதாவது பந்தைத் தடுக்கும் உள்களக் காவலர். ஒருநாள் அணியின் பிட்சர் சொதப்பியபோது, நான் போடுகிறேனே என்று போனதில்தான் எல்லாம் தொடங்கியது. 1990-ல், 20 வயதில், சில ஆயிரம் டாலருக்கு நியூயார்க் யாங்கீஸ் அவரை எடுத்தது. கடைசியில் வந்து வெற்றியைக் காப்பாற்றும் கணக்கில் 652 என்ற சாதனையோடு ஓய்வு பெற்று, 2019-ல் ஒரு வாக்குகூடக் குறையாமல் புகழ்மண்டபத்துக்குள் போன முதல் ஆள் அவர். 2018, 2019 இரண்டு வருடமும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய ஜேக்கப் டிகிராம், கல்லூரி மூன்றாம் ஆண்டுவரை ஷார்ட்ஸ்டாப். ஓத்தானி சிறுவயதில் நீச்சலும் பாட்மிண்டனும் பழகியவர், அம்மாவே பாட்மிண்டன் வீராங்கனை. ஹனமாக்கி ஹிகாஷியில் சேர்ந்தபோது எலும்பு இன்னும் வளர்வதைப் பார்த்த பயிற்சியாளர் ஹிரோஷி சசாக்கி, ஆரம்பத்தில் அவரை வெளிக்களத்தில் நிறுத்தினார். முதல் வருடம் ஓத்தானி நிரப்பிய 81 கட்ட இலக்குத் தாளில் 160 கிலோமீட்டர் வேகமும் இருந்தது, கீழே கிடக்கும் குப்பையைப் பொறுக்குவதும் இருந்தது.

அயோவாவின் பாப் ஃபெல்லரைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. வான் மீட்டர் என்ற ஊர்ப் பக்கத்துப் பண்ணையில் அப்பாவும் மகனும் குளிர்காலத்தில் கொட்டகைக்குள் விளக்கு போட்டுக்கொண்டு பந்து பிடிப்பார்கள். கோடையில் ஆட அப்பா நிலத்திலேயே ஒரு மைதானம் அமைத்தார். 1936-ல் 17 வயது ஃபெல்லர் கிளீவ்லாண்டுக்காக ஒரே ஆட்டத்தில் 17 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். சீசன் முடிந்ததும் மிச்சமிருந்த பள்ளிப் படிப்பை முடிக்க ஊருக்குத் திரும்பினார். இதைக் காட்டி ‘பார், 17 வயதிலேயே’ என்று வாதிடுவார்கள். அந்தக் கொட்டகையில் வேகமானி இல்லை, தேர்வாளர்கள் இல்லை, பதக்கம் இல்லை என்பதை வசதியாக மறந்துவிடுவார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு கிளைக்கதை உண்டு. உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த, பேஸ்பாலை அதுவரை கையில்கூடத் தொடாத ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் 2008-ல் ஒரு டி.வி. போட்டியில் முதல் இரண்டு இடம் பிடித்து, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தம் ஆனார்கள். டிஸ்னி 2014-ல் அதைப் படமாக எடுத்தது. இசை நம் ஏ.ஆர்.ரஹ்மான். படம் முடிகிற இடத்துக்குப் பிறகு ரிங்கு கீழ்நிலை லீக்குகளில் வருடக்கணக்கில் உழைத்ததும், காயங்களோடு போராடி, கடைசியில் மல்யுத்த மேடைக்குப் போனதும் திரையில் வராது.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அந்தப் பையனே வீச ஆசைப்பட்டால்? தன்னோடு வளர்ந்த கூட்டாளிகளுக்காகத்தான் பெரிய தனியார் பள்ளிகளை விட்டுவிட்டு ஊர்ப் பள்ளியில் சேர்ந்தார் சசாக்கி. 2011 சுனாமியில் அப்பாவையும் தாத்தா பாட்டியையும் இழந்தவர். அவர் வாழ்நாளில் ஒரு தடவைதான் கோஷியென் வாசல்வரை போக முடியும். அந்த வாசலை 32 வயதுப் பெரியவர் ஒருவர் சாத்தலாமா? கேள்வி கனமானது. ஆனால் 17 வயதில் ‘கை வலிக்கிறது, இன்று வேண்டாம்’ என்று எந்தப் பையனும் சொல்ல மாட்டான். கூட்டம் கத்தும், கூட்டாளிகள் பார்ப்பார்கள், வாய் ‘முடியும்’ என்றுதான் சொல்லும். அந்த 36 மடங்கு அப்படி ‘முடியும்’ என்று சொன்னவர்களின் கணக்கு. பழியைத் தாங்க ஒரு பெரியவர் வேண்டியிருப்பது இதற்குத்தான்.

அடக்கி வளர்த்தால் காயமே வராது என்று யாராவது சொன்னால் அதுவும் பொய். ஓத்தானிக்கு முழங்கையில் இரண்டு அறுவை சிகிச்சை. டிகிராமுக்கும் இரண்டு. சசாக்கி 2025-ல் டாட்ஜர்ஸுக்கு வந்த முதல் வருடமே தோள் வலியால் மாதக்கணக்கில் உட்கார்ந்துவிட்டு, இலையுதிர்காலத்தில்தான் திரும்பி வந்து உலகத் தொடர் வென்ற அணியில் நின்றார். இத்தனை வேகத்தில் எறிவதே உடம்போடு செய்யும் பேரம்தான். அந்தப் பேரத்தில் 15 வயதில் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பது மட்டுமே பெரியவர்கள் கையில் இருக்கிறது.

பள்ளிக்குப் பிறகு சசாக்கியை எடுத்த சிபா லோட்டே அணி முதல் வருடம் முழுவதும் அவரை ஒரு போட்டியில்கூட இறக்கவில்லை. அமெரிக்காவில் ஆடித் திரும்பி, சுக்குபா பல்கலைக்கழகத்தில் பயிற்சியியல் படித்த யோஷீ மசாத்தோ அப்போது அங்கே பிட்சிங் பயிற்சியாளர். கொகுபோவும் சுக்குபாவில் படித்தவர்தான். 2022 ஏப்ரல் 10-ல், 20 வயதில், சசாக்கி 27 பேட்டர்களில் ஒருவரைக்கூட முதல் தளத்துக்கு விடாமல் 105 பந்தில் ஆட்டத்தை முடித்தார். அதில் 19 ஸ்ட்ரைக் அவுட், தொடர்ச்சியாக 13. ஜப்பானில் 28 வருடம் கழித்து நடந்த முழுமையான ஆட்டம். அடுத்த வாரம் மறுபடி எட்டு இன்னிங்ஸ், மறுபடி ஒருவரும் தளத்தைத் தொடவில்லை. உலகம் கண்டிராத இரட்டைச் சாதனைக்கு மூன்றே பேர் பாக்கி. 102 பந்து ஆகிவிட்டது, போதும் என்று மேலாளர் இகுச்சி தடாஹிதோ அவரை உட்கார வைத்தார். லோட்டே பத்தாவது இன்னிங்ஸில் 1-0 என்று தோற்றது.

அமெரிக்காவில் குடியேறிய உறவுகள் யாராவது தங்கள் பிள்ளையை லிட்டில் லீக்கில் சேர்த்திருப்பதாகச் சொன்னால், எத்தனை மைல் வேகம் என்று கேட்காதீர்கள். இந்த வாரம் எல்லா அணிக்கும் சேர்த்து எத்தனை பந்து வீசினான் என்று கேளுங்கள். பதில் உடனே வராவிட்டால், ஒரு நோட்டு வாங்கி எழுதத் தொடங்கச் சொல்லுங்கள்.